வடக்கு மினசோட்டா காட்டில் நாயோடு கிரவுஸ் வேட்டை: முழுமையான வழிகாட்டி

ரஃப்டு கிரவுஸ் நம் கௌதாரியைவிடப் பெரிய காட்டுப் பறவை. எடை அரை கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். காய்ந்த இலையின் நிறம் என்பதால் பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணில் படாது. காலடியில் இருந்து படபடவென்று பேரிரைச்சலோடு கிளம்பி, மரங்களுக்கு இடையே வளைந்து, இரண்டு நொடிக்குள் காணாமல் போய்விடும். ஆள் மட்டும் போய் இதைத் தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி அதிர்ஷ்டம். நாய் சேரும்போதுதான் அது வேட்டை ஆகிறது.

மினியாபொலிஸ் பக்கம் குடியேறிய தமிழர்கள் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டினால் கிராண்ட் ரேப்பிட்ஸ் வந்துவிடலாம். அமெரிக்காவின் நல்ல கிரவுஸ் காடுகள் அங்கே தொடங்குகின்றன. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் துப்பாக்கிக் கடைக்குப் போகிறார்கள். அது தலைகீழ் வரிசை. காட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வது முதலில், நாயை வளர்ப்பது அடுத்து, துப்பாக்கி கடைசியில். நேரத்தையும் பணத்தையும் இதே வரிசையில் செலவிடுங்கள்.

காகித வேலை

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்ற நினைப்போடுதான் நாம் வளர்ந்தோம். இங்கே நிலைமை வேறு. எண்ணிக்கை பார்த்து, பருவம் வகுத்து, அளவு விதித்து அரசே உரிமம் தருகிறது. 1937ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீள்துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 11 சதவீத வரி எடுத்து, அந்தப் பணத்தை மாநிலங்களின் வனவிலங்குப் பராமரிப்புக்குக் கொடுக்கிறார்கள்.

1979 டிசம்பர் 31க்குப் பிறகு பிறந்தவர் என்றால் மினசோட்டாவில் துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாதவர், உரிமம் உள்ள ஒருவரோடு சேர்ந்து அப்ரெண்டிஸ் (பழகுநர்) அனுமதியில் போகலாம். அடுத்து, பறவைகளுக்கும் சிறு விலங்குகளுக்குமான சிறு வேட்டை உரிமம் வாங்க வேண்டும். வாங்கும்போது வலசைப் பறவையும் வேட்டையாடுவேன் என்று பதிவு செய்துவிடுங்கள். அந்தப் பதிவு இல்லாமல் உட்காக் சுட முடியாது. உட்காக் என்பது உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்த நீள மூக்குப் பறவை. கிரவுஸ் தேடுகிற நாய் அதையும் கண்டுபிடிக்கும்.

எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் அடுத்த வரியைக் கவனமாகப் படியுங்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை கிடையாது. நண்பரின் துப்பாக்கியைச் சற்று நேரம் கையில் வாங்குவதும் வைத்திருப்பதாகவே கணக்காகலாம் என்பதால், உரிமம் வராமல் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஒருவர் ஒரு நாளில் ஐந்து கிரவுஸ் எடுக்கலாம். கைவசம் பத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உட்காக் ஒரு நாளுக்கு மூன்று, பருவமும் 45 நாள்தான். உட்காக் சுடும் துப்பாக்கியில் ஒரே நேரத்தில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறக் கூடாது. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு சற்று நகரும், ஆகவே மாநில இயற்கை வளத் துறையின் அந்த ஆண்டுக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்புக்கு மேல் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை ஒன்றாவது கட்டாயம். ஒன்று போதும் என்று விடாமல் தொப்பி, அங்கி இரண்டையும் ஆரஞ்சில் போடுங்கள்.

எந்த ஆண்டு, எந்த வாரம்

கிரவுஸ் எண்ணிக்கை ஏறத்தாழ பத்தாண்டுச் சுழற்சியில் ஏறி இறங்கும். வசந்தத்தில் ஆண் பறவை விழுந்த மரத்தின் மேல் நின்று சிறகடித்து முரசு போல் ஒலி எழுப்பும். வனத்துறையினர் குறிப்பிட்ட பாதைகளில் நின்று அந்த ஒலியை எண்ணுவார்கள். 2009, 2017 ஆண்டுகளில் மினசோட்டாவில் அந்த எண் உச்சத்தில் இருந்தது. எண் இறங்கிய ஆண்டிலும் போகலாம். அதிகம் நடக்க வேண்டும், குறைவாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

செப்டம்பரில் பருவம் திறந்தாலும் இலை உதிர்ந்திருக்காது. பறவை எழும்பும் சத்தம் மட்டும் கேட்கும். வெயிலும் நாயை வாட்டும். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் இருந்து மாதக் கடைசி வரைதான் சிறந்த காலம். இலை கொட்டியிருக்கும், காலையில் உறைபனி பிடித்திருக்கும், ஈரத் தரையில் மோப்பம் நன்றாக நிற்கும். வடக்கில் இருந்து குளிர்காற்று அடித்த மறுநாள் காலையில், நேற்று காலியாக இருந்த ஆல்டர் புதர்களில் வலசை உட்காக்குகள் இறங்கியிருக்கும். நவம்பர் தொடக்கத்தில் மான் வேட்டைக்குத் துப்பாக்கிப் பருவம் திறக்கும். அந்த நாட்களில் நாயைக் காட்டுக்குள் விடவே வேண்டாம்.

காட்டைப் படிப்பது

இந்தப் பகுதிக்கு மற்றவற்றைவிட அதிக நேரம் கொடுங்கள். காடு தெரியாதவரை எவ்வளவு நல்ல நாயும் வெற்று மரங்களுக்கு இடையேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் குளோக்கே வன மையத்தில் கார்டன் கலியன் என்ற ஆய்வாளர் 1950களின் இறுதியில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இந்தப் பறவையைத் தொடர்ந்து ஆராய்ந்தார். ஆஸ்பென் மரத்தோடு கிரவுஸுக்கு உள்ள உறவை விளக்கமாகக் காட்டியவர் அவர். குளிர்காலம் முழுக்க முதிர்ந்த ஆண் ஆஸ்பெனின் பூமொட்டுதான் அதன் முக்கியத் தீனி. ஆனால் பருந்து, ஆந்தையிடம் இருந்து தப்ப அதற்கு இளம் ஆஸ்பென் அடர்த்தி வேண்டும். பெரிய மரங்களை வெட்டியதும் வேரில் இருந்து ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் கன்றுகள் முளைக்கும். ஐந்து வயதில் இருந்து இருபது வயது வரை அந்தத் தோப்பு கிரவுஸுக்கு வீடு. ஆகவே மர வெட்டு நடந்த காடுதான் உங்களுக்கு வேண்டிய காடு. ஓங்கி வளர்ந்து, கீழே துப்புரவாக இருக்கும் அழகான பழங்காட்டில் நாள் முழுக்க நடந்தாலும் ஒன்றும் கிளம்பாது.

தண்டு எவ்வளவு தடிமன் என்று கையால் பாருங்கள். கட்டைவிரல் அளவில் இருந்து மணிக்கட்டைத் தாண்டிய அளவு வரை நல்லது. ஆள் நுழைவதற்கே சிரமமாக இருந்தால் இன்னும் நல்லது. இனி அந்தத் தோப்பின் ஓரங்களைத் தேடுங்கள். இளம் ஆஸ்பெனும் முதிர்ந்த காடும் சந்திக்கும் கோடு, ஆஸ்பென் சரிந்து ஆல்டர் சதுப்பில் இறங்கும் இடம், ஹேசல் புதர், டாக்வுட் பழம், மரம் ஏற்றும் வண்டிகளின் பழைய பாதையில் முளைத்த குளோவர் செடி, பக்கத்தில் ஒதுங்க நாலு பால்சம் ஃபர் மரம். இவற்றில் மூன்று ஓரிடத்தில் சேர்ந்தால் அங்கே நிதானமாகத் தேடுங்கள். காலையும் மாலையும் குளோவர் பாதையோரம், நண்பகலில் அடர்த்திக்கு உள்ளே என்று பறவை நகரும்.

உட்காக்குக்கு வேறு கணக்கு. அது மண்புழு தின்னும் பறவை. ஆல்டர் நிழலில் கால் சற்றே புதையும் கருமண்ணைப் பாருங்கள். சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை எச்சமும், பென்சில் குத்திய அளவு துளைகளும் தெரிந்தால் அது அங்கே இருக்கிறது அல்லது நேற்று இரவு இருந்தது.

சிப்பேவா தேசிய வனம், சுப்பீரியர் தேசிய வனம், மாநில வனங்கள், கவுண்டி நிலங்கள் என்று பொது நிலம் லட்சக்கணக்கான ஏக்கர் கிடக்கிறது. வேட்டைக்காரர் நடப்பதற்கென்றே வண்டி விடாத பாதைகளை மாநிலத் துறை பராமரிக்கிறது. புதியவர் அங்கே தொடங்கலாம். சிப்பேவா வனத்தின் கணிசமான பகுதி லீச் லேக் ஓஜிப்வே மக்களின் ஒதுக்கீட்டு நிலத்தோடு பின்னிக் கிடக்கிறது. அங்கே அவர்களின் விதிகளையும் எல்லைகளையும் கேட்டறிந்து மதித்து நடக்க வேண்டும். கோடையில் வீட்டில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தில் மரவெட்டுத் திட்டுகளைக் குறித்து வைத்தால் அக்டோபரில் ஓரிடத்தைத் தேடியே நாள் போகாது.

நாய்

பறவையைக் கண்டதும் சிலையாக நின்று காட்டும் நாய்கள் ஒரு வகை: இங்கிலீஷ் செட்டர், பாயிண்டர், பிரிட்டனி, ஜெர்மன் ஷார்ட்ஹேர். மோப்பம் பிடித்து நேராகப் பாய்ந்து எழுப்பிவிடும் நாய்கள் இன்னொரு வகை: ஸ்பிரிங்கர், காக்கர், லாப்ரடார். பாய்கிற நாய் உங்களுக்கு இருபது இருபத்தைந்து மீட்டருக்குள்ளேயே வேலை செய்ய வேண்டும். தாண்டினால் பறவை எட்டாத தொலைவில் கிளம்பும். நிற்கிற நாய் சற்று அகலமாகவும் ஓடலாம். அடர்காட்டுக்கு என் தேர்வு செட்டர் அல்லது பிரிட்டனி. வீட்டில் குழந்தைகளோடு லாப்ரடார் வளர்ப்பவர் அதை வைத்தே நல்ல வேட்டை செய்ய முடியும். வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட வழியில் வந்த குட்டியாகப் பாருங்கள். தாய் தகப்பன் காட்டில் வேலை செய்வதை நேரில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எட்டு வாரக் குட்டி வந்ததும் பெயர், "ஹியர்" என்றால் திரும்பி வருவது, "வோ" என்றால் அப்படியே நிற்பது ஆகிய மூன்றையும் விளையாட்டாகவே பழக்குங்கள். "வோ" வெறும் வேட்டைக் கட்டளை இல்லை. சாலையில் மரலாரி வரும்போதும், முள்ளம்பன்றி எதிரே நிற்கும்போதும் நாயின் உயிர் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

துப்பாக்கிச் சத்தத்தை அவசரப்பட்டு அறிமுகம் செய்யாதீர்கள். பழகட்டும் என்று குட்டியைச் சுடுதளத்துக்குக் கூட்டிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். அந்தப் பயம் ஒருமுறை ஏறினால் இறக்குவது பெரும்பாடு. முதலில் புறாவைக் காட்டுங்கள். குட்டி புறாவைத் துரத்தும் வெறியில் இருக்கும்போது, தொலைவில் ஒருவர் வெற்றுத் தோட்டாவைச் சின்ன ஓசையோடு வெடிக்கட்டும். குட்டி திரும்பிக்கூடப் பார்க்காத நிலை வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அருகில் வாருங்கள். 1969ல் தொடங்கிய வட அமெரிக்கப் பல்திறன் வேட்டைநாய்ச் சங்கத்தின் கிளைகள் நடத்தும் பயிற்சி நாட்களில் அனுபவசாலிகள் கூடவே இருந்து சொல்லித் தருவார்கள்.

புறா பாதிதான் கற்றுத் தரும். மீதியைக் காட்டுக் கிரவுஸ்தான் கற்றுத் தர வேண்டும். முதல் பருவத்தில் இளநாய் நெருங்கிப் போய்ப் பறவைகளை விரட்டிக்கொண்டே இருக்கும். அப்படி விரட்டிய பறவை உங்கள் தலைக்கு மேலேயே பறந்தாலும் சுடாதீர்கள். நின்று காட்டினால்தான் துப்பாக்கி பேசும் என்பதை நாய் தானாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை ஒரு பருவம் காப்பாற்றியவருக்கு அடுத்த பத்து ஆண்டுக்கு நல்ல நாய் கிடைக்கும். உட்காக் இறுக்கமாகப் பதுங்கி உட்காரும், எளிதில் கிளம்பாது. இளநாய்க்கு அதுவே முதல் வாத்தியார்.

கோடை முழுக்க நாயை ஓட்டமும் நீச்சலுமாக வைத்திருங்கள். வேட்டை நாட்களில் முழுத் தீனியை இரவில் கொடுங்கள். வயிறு நிறைந்த நாயைக் காலையில் ஓடவிடக் கூடாது. நடுநடுவே சிறு தீனியும் தண்ணீரும் போதும்.

கழுத்தில் மணி கட்டுவது பழைய வழக்கம், இன்றும் பயனுள்ளது. மணி நின்றால் நாய் பறவையைக் கண்டு நிற்கிறது என்று பொருள். கூடவே ஜிபிஎஸ் பட்டையும் வேண்டும். இருபதடிக்கு அப்பால் கண் தெரியாத காட்டில் நாய் எங்கே நிற்கிறது என்று அது கைக்கருவியில் காட்டும். விலை கூடுதல்தான், ஆனால் துப்பாக்கியில் மிச்சம் பிடித்தாவது இதை வாங்குங்கள்.

துப்பாக்கி

20 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக்குழல், மூன்று கிலோவுக்குள் எடை, குட்டையான குழல். சோக், அதாவது குழல் வாயின் குறுக்கம், அகலமாகத் திறந்தது வேண்டும்: சிலிண்டர் அல்லது இம்ப்ரூவ்டு சிலிண்டர். ஏழரை அல்லது எட்டாம் எண் ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள். பெரும்பாலான சூடு இருபத்தைந்து மீட்டருக்குள் முடிந்துவிடும். கோடையில் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகுங்கள். துப்பாக்கியைத் தோளில் வைத்துக் காத்திருக்காமல் இடுப்பில் இருந்து தோளுக்குத் தூக்கிச் சுடுங்கள்.

காட்டில் ஒரு நாள்

முந்தின இரவே எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லி வைத்துவிடுங்கள். பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது. வண்டி நிறுத்திய இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு, காந்த ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் நடுவில் மாலை ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும், மேகமூட்டத்தில் திசை அதற்கு முன்பே குழம்பும்.

நாயின் முகத்தில் காற்று படும்படி வழியை அமையுங்கள். எல்லா இடத்திலும் முடியாது, ஆனால் நல்ல ஓரத்துக்காவது சுற்றிப் போய் எதிர்க்காற்றில் நுழையுங்கள். வேகம் வேண்டாம். கத்திக் கூப்பிட்டுக்கொண்டே நடப்பவருக்கு முன்னால் எல்லாப் பறவையும் ஓடிவிடும். மனிதக் குரல் கிரவுஸுக்கு மணி ஓசையைவிட அச்சம் தரும்.

மணி நின்றதும் தாமதிக்காமல் போங்கள். கிரவுஸ் நடந்தே நழுவும் பறவை. நாயின் பின்னால் நேராகப் போகாதீர்கள். பக்கவாட்டில் அகன்று வளைந்து, நாய்க்கு எதிரே வாருங்கள். பறவை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சிக்கும். போகும்போதே எங்கே வானம் தெரிகிறது, எங்கே குழலைச் சுழற்ற இடம் இருக்கிறது என்று பார்த்து அங்கே நில்லுங்கள். நடை நின்ற அந்தக் கணத்தில்தான் பல கிரவுஸ் பொறுமை இழந்து எழும்பும்.

எழும்பியது தலைமட்டத்துக்கு மேல் போய், அதன் பின்னணியில் வானம் தெரிந்தால் மட்டும் சுடுங்கள். தாழ்வாகப் பறக்கும் பறவையை எப்போதும் விட்டுவிடுங்கள். கீழே உங்கள் நாய் இருக்கிறது, பக்கத்தில் நண்பர் இருக்கிறார். இருவர் போனால் ஆளுக்கு ஒரு பக்கம் என்று முன்பே பேசி வைத்து, பறவை கலைந்தாலும் பரவாயில்லை என்று அடிக்கொரு தரம் குரல் கொடுத்துக்கொள்ள வேண்டும். நண்பர் எங்கே என்று தெரியாவிட்டால் சூடு இல்லை. பறவை தரையில் இருக்கும்போதோ, வண்டியில் உட்கார்ந்தோ சுடுவது நாய் வேட்டையில் சேர்ந்தது அல்ல. வண்டியில் இருந்து சுடுவது சட்டப்படியும் குற்றம்.

விழுந்தால் கண்ணை எடுக்காமல் அந்த இடத்துக்கு நடந்து, தொப்பியை அங்கே மாட்டிவிட்டு நாயைத் தேட விடுங்கள். அடிபட்ட கிரவுஸ் இலைக்கடியில் நுழைந்துகொள்ளும். கிடைக்கும் வரை தேடுவது உங்கள் கடமை. அரை மணி நேரம் போனாலும் போகட்டும். தப்பினால், பறந்த திசையைக் கவனியுங்கள். பெரும்பாலும் இருநூறு மீட்டருக்குள் இறங்கிவிடும், கடைசியில் ஒரு பக்கம் வளைந்திருக்கும்.

சட்டம் ஐந்து அனுமதித்தாலும் ஒரே தோப்பில் ஒன்று அல்லது இரண்டோடு நிறுத்துவதை நான் கண்டிப்பாகச் சொல்வேன். அக்டோபர் கடைசியில் அங்கே இருக்கும் பறவைதான் வசந்தத்தில் அதே மரத்தின் மேல் முரசடிக்கப் போகிறது.

நாய்க்கு வரும் ஆபத்துகள்

முள்ளம்பன்றி முள்ளின் நுனியில் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. விட்டுவைத்தால் உள்ளே நகர்ந்துகொண்டே போகும். நல்ல இடுக்கி எப்போதும் பையில் இருக்கட்டும். முள்ளை வெட்டினால் காற்று இறங்கி எளிதாக வரும் என்பது தவறு. வெட்டினால் பிடி போய்விடும். தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். வாய்க்குள், கண்ணருகே, மார்பில் ஆழமாகப் பாய்ந்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள், மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ரோமத்துக்காகப் பிடிக்கும் விலங்குகளுக்கு வைக்கும், உடலை நெரித்துப் பிடிக்கும் பொறி இன்னும் கொடியது. அக்டோபர் பிற்பாதியில் இருந்து காட்டில் அவை இருக்கும். கழுத்தில் விழுந்தால் நாய்க்குச் சில நிமிடம்தான். பொறியின் சுருள்வில் வளையங்களுக்குள் நாய்க்கயிற்றை இரண்டு முறை கோத்து, ஒரு முனையைக் காலால் மிதித்து, மறுமுனையை மேலே இழுத்து வில்லை அமுக்கிக் கொக்கியை மாட்ட வேண்டும். பிறகு மறுபக்க வில். ஒரு பொறியை வாங்கி வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு திறக்கும் வரை பழகுங்கள். சுருக்குக் கம்பிக்குக் கம்பிவெட்டி வேண்டும்.

மினசோட்டாவில் 2,500க்கு மேல் ஓநாய்கள் வாழ்கின்றன. புதிய தடமோ எச்சமோ கண்டால் நாயைக் கயிற்றில் கட்டி வேறு காட்டுக்குப் போய்விடுங்கள். உண்ணி லைம் நோயைத் தரும். தடுப்பு மருந்து கொடுத்து, தினமும் இரவில் காதுக்குள், அக்குளில், விரலிடுக்கில் தடவிப் பாருங்கள். ஈர மண்ணில் இருந்து பிளாஸ்டோமைகோசிஸ் என்ற பூஞ்சை நோயும் வரும். வேட்டைக்குப் போய் வந்து சில வாரமோ மாதமோ கழித்து நாய் இருமினாலோ, மெலிந்தாலோ, ஆறாத புண் வந்தாலோ, வடக்குக் காட்டுக்குப் போன விவரத்தை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். நகர மருத்துவருக்கு உடனே அது தோன்றாமல் போகலாம்.

சமையலறை வரை

எடுத்ததும் குடலை அகற்றிக் குளிர்ச்சியாக வையுங்கள். உட்காக்குக்கு வீடு சேரும் வரை தலையோ இறகோடு கூடிய ஒரு சிறகோ ஒட்டியிருக்க வேண்டும் என்பது கூட்டரசு விதி. கிரவுஸின் தீனிப்பையை அறுத்துப் பாருங்கள். குளோவர் இலை, ஹேசல் பூங்கொத்து, டாக்வுட் பழம், எது இருக்கிறதோ அதுதான் நாளைய வழிகாட்டி. இடத்தோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்.

கிரவுஸ் மார்புக் கறி வெளிர் நிறம், கொழுப்பே இல்லாதது. குக்கரில் விசில் விட்டால் நாராகிவிடும். உப்புத் தண்ணீரில் சில மணி நேரம் ஊற வைத்து, துடைத்து, நெய்யில் பக்கத்துக்குச் சில நிமிடம் பிரட்டி, கடைசியில் இடித்த மிளகும் கறிவேப்பிலையும் போட்டு இறக்கிவிடுங்கள். உட்காக் மார்பு கருஞ்சிவப்பு, ஈரல் வாசம் இருக்கும். நிறைய சின்ன வெங்காயம் அதற்கு இணங்கும். கிரவுஸ் தொடையும் எலும்பும் மிளகு சூப்புக்கு. ஈய ரவையை விரலால் தேடி எடுங்கள். சிறு துணுக்குகள் கறியில் தங்கலாம் என்பதால், குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் சாப்பிடும் வீட்டில் எஃகு அல்லது பிஸ்மத் ரவையைப் பயன்படுத்துவது நல்லது.

இதயத்தையும் ஈரலையும் வேகவைத்து நாய்க்குக் கொடுக்கலாம். எலும்பை மட்டும் போடாதீர்கள். வெந்த பறவை எலும்பு கூரிய சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.